இரண்டு விரல் குழி

"கல்லு மாதிரி இருக்கிறதா ஒண்ணு எடு, முதுகுக்கு நல்லது, வா போகலாம்—"

"கல்லுதான் வேணும்னா வீட்டுல தரை இருக்கே! அதுக்கு எதுக்குக் கடை? படுத்துப் பாருங்கன்னு சொன்னா—"

"படுக்கிறதுக்கு என்ன இருக்கு? மெத்தைன்னா மெத்தைதான்—"

"அப்ப சட்டைன்னா சட்டைதானா? முப்பத்தெட்டு வருஷமா உங்க தோளை அளந்து அளந்து தைக்கிறேனே, எவனோட சட்டையையாவது மாட்டிக்கிட்டுப் போயிருக்கலாமே?"

"நான் பேசறதை முடிக்க விடு—"

"ஆரம்பிச்சாத்தானே முடிக்கிறதுக்கு!"

மதிய நேரம். மெத்தைக் கடையில் வேறு யாரும் இல்லை. நீளமான அறையில் இரண்டு வரிசையாகக் கட்டில்கள். ஒவ்வொரு மெத்தையின் கால்மாட்டிலும் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. கடைக்காரப் பெண்ணுக்கு நாற்பது, நாற்பத்தைந்து இருக்கும். சண்டை நடக்கட்டும் என்று ஒரு தலையணையைத் தட்டிக்கொண்டு நின்றாள். தம்பதியாக வருகிறவர்களில் பாதிப் பேர் சண்டையோடுதான் உள்ளே நுழைவார்கள். மூச்சு வாங்க அவர்கள் நிறுத்தும்போது பேசினால் போதும் என்பது அவளுக்குத் தொழில் கற்றுத் தந்தது. முதலில் நிறுத்தியவர் கணவர்தான்.

"ஐயா, அம்மா, அந்தப் பலகையைக் கொஞ்சம் படிங்க."

செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் மணி நேரம் படுத்துப் பார்க்காதவர்களுக்கு விற்பதில்லை என்று சுவரில் எழுதியிருந்தது.

"இது என்ன அநியாயம்? வாங்க வர்றவனுக்குச் சட்டமா?"

"ரெண்டு நிமிஷம் இருந்துட்டுப் போனா எல்லா விருந்தாளியும் நல்லவங்கதான் ஐயா. கால் மணி நேரம் உக்காந்தாத்தானே குணம் தெரியும்? மெத்தையும் அப்படித்தான்."

மனைவி சிரித்துவிட்டாள். கணவர் சிரிக்கவில்லை.

அவரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்பார்கள். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் கைபட்டவை. வேலையை விட்டு மூன்று வருடம் ஆகியும் பெயர் விடவில்லை. அவர் குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். அவர் மனைவி தையல்காரி. இளம் வயதில் இருநூறு இயந்திரங்கள் ஓடும் தொழிற்சாலையில் தைத்துத் தைத்துக் காது மந்தமாகிப்போனவள். பகலெல்லாம் காதில் ஒரு சின்ன இயந்திரம் இருக்கும். படுக்கப் போகும்போது அதைக் கழற்றிப் பொத்தான் டப்பாவில் வைத்துவிடுவாள். அப்புறம் இடியே விழுந்தாலும் அவளுக்குத் தெரியாது.

"சரி, எப்படிப் படுப்பீங்க?" என்று கேட்டாள் கடைக்காரப் பெண். "ஒருக்களிச்சா, மல்லாக்கவா, குப்புறவா?"

"நான் ஒருக்களிச்சு. இவர் மல்லாக்க. கை ரெண்டையும் நெஞ்சு மேல வச்சுக்கிட்டு, யாரோ அளவெடுக்க வர்றாங்கன்ற மாதிரி."

"ஒருக்களிச்சுப் படுக்கிறவங்களுக்குத் தோளும் இடுப்பும் கொஞ்சம் அமுங்கணும், அதனால மெத்துன்னு வேணும். மல்லாக்கப் படுக்கிறவங்களுக்கு இடுப்பு தொங்கக் கூடாது, கொஞ்சம் கெட்டியா வேணும். முதல்ல நீங்க படுங்கம்மா."

தையல்காரி செருப்பைக் கழற்றிவிட்டு ஒருக்களித்துப் படுத்தாள். கடைக்காரப் பெண் அவள் இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவே உள்ளங்கையை நுழைத்துப் பார்த்தாள்.

"கை சுலபமா நுழைஞ்சுட்டா மெத்தை உங்களைத் தாங்கலன்னு அர்த்தம். நுழையவே இல்லன்னா நீங்க உள்ள போயிட்டீங்க. கொஞ்சம் தயங்கி நுழையணும்."

"அட, இடுப்புப் பட்டியும் அப்படித்தான்! ரெண்டு விரல் தயங்கித் தயங்கி நுழையணும். அதுக்கு மேல லூசு, அதுக்குக் கீழ பிடிப்பு."

"பாத்தீங்களா, நாம ரெண்டு பேரும் ஒரே தொழில்தான். ஐயா, நீங்க?"

"ஷூ கயிறு முடிச்சு விழுந்து கிடக்கு. கழட்ட முடியாது."

"கேட்டியாம்மா கதையை!" தையல்காரி படுத்தபடியே சொன்னாள். "எங்க வீட்டுக்கு மூணு மாடி ஏறணும். திருப்பத்துக்குத் திருப்பம் நின்னு குனிஞ்சு கயிறு கட்டுவார். கயிறு வழுக்குதாம். நானும் மூணு ஜோடி கயிறு மாத்திட்டேன். போன மாசம் போட்டது முரட்டுக் கயிறு, அது எங்க அவிழுது?"

லிஃப்ட்காரர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

ஒருவருக்கு மெத்து, ஒருவருக்குக் கெட்டி என்றால் அதற்கும் வழி இருந்தது. கடைக்காரப் பெண் அடுத்த கட்டிலைக் காட்டினாள்.

"இது ரெண்டு பாதியா வரும். உங்க பாதி மெத்து, ஐயா பாதி கெட்டி. நடுவுல ஜிப் போட்டுச் சேத்துடுவோம். ஒருத்தர் புரண்டா இன்னொருத்தருக்குத் தெரியாது. எழுந்து போனாக்கூடத் தெரியாது."

தையல்காரி எழுந்து உட்கார்ந்தாள்.

"எழுந்து போனா எனக்குத் தெரியணும்," என்றாள்.

கடைக்காரப் பெண் கையை ஜிப்பிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"பழைய மெத்தையில குழி இருக்கான்னு கேப்பீங்க இல்ல? கேளுங்க," என்றாள் தையல்காரி.

"இருக்காம்மா?"

"என் பக்கம் மூணு விரல் குழி. இவர் பக்கம் ரெண்டு விரல் இருந்துச்சு. விளிம்புக்கு விளிம்பு நூலைக் கட்டி, நடுவுல டேப்பைத் தொங்க விட்டு அளந்தேன். மாசா மாசம் அளந்தேன். இப்ப ஒரு விரல்கூட இல்ல."

"குழி வரவர ஆழமாகும். மேடாகாதேம்மா."

"படுத்தாத்தானே?"

ஆள் படுக்காவிட்டால் ஸ்பாஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக எழும்பும். கடைக்காரப் பெண்ணுக்கு அது தெரியும்.

"வாயை மூடு. கடையில வந்து வீட்டுக் கதை—"

"வீட்டுல கேட்டா கிணத்துல போட்ட கல்லு. இங்க கேட்டா ஒரு சாட்சியாவது இருக்கட்டும். எட்டு மாசம் ஆச்சும்மா. நான் தூங்கினதும் எழுந்து ஜன்னலோரம் இருக்கிற நாற்காலிக்குப் போயிடறார். காலையில நான் கண்ணு முழிக்கும்போது பேப்பரை விரிச்சு வச்சுக்கிட்டு, இப்பத்தான் எழுந்தேன்றார். தலையணையில ஒரு சுருக்கம் இருக்காது. சுருக்கம் பாத்தே சோறு தின்றவ நான், எனக்கா தெரியாது?"

"தூக்கம் வரலன்னா என்ன பண்றது?"

"அது அக்கா போன அன்னியிலேர்ந்துதான் வரல. அதையும் சொல்லுங்க."

அவளுடைய அக்காவின் வீடு ஐந்தாவது மாடியில். அக்கா இறந்த அன்று அந்தக் கட்டடத்தில் மின்சாரம் இல்லை. எல்லோரும் படியேறித்தான் போனார்கள். லிஃப்ட்காரர் மட்டும் வரவில்லை. தையல்காரி அழுது ஓய்ந்து இறங்கி வந்தபோது, அவர் கீழே வண்டிகள் நிற்கும் இடத்தில் குட்டைச் சுவரின் மேல் உட்கார்ந்திருந்தார். லிஃப்டு ஓடினால்தான் துக்கத்துக்கும் வருவீர்களா என்று அத்தனை பேர் நடுவில் கேட்டாள். அதோடு விட்டிருக்கலாம். 'உங்க பக்கத்துல படுக்கிறதுக்கு ஒரு மரக்கட்டை பக்கத்துல படுக்கலாம்' என்றும் சொன்னாள். அவர் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"நாக்குக்கு எலும்பு இல்ல, சொல்லிட்டேன்," என்றாள் இப்போது. "அதை மனசுல வச்சுக்கிட்டுத்தானே நாற்காலிக்குப் போனீங்க? ஆமான்னு சொல்லிடுங்க, காலைப் பிடிச்சுக்கிறேன். மெத்தையில குழி, அதான் தூக்கம் வரலன்னு நீங்க சொன்னதை நான் நம்பல. நம்பின மாதிரி கூட்டிக்கிட்டு வந்தேன். நான் மெத்தை பாக்க வரல. என் பக்கத்துல கால் மணி நேரம் படுப்பீங்களான்னு பாக்கத்தான் வந்தேன்."

லிஃப்ட்காரர் கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தார். பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். கயிற்றில் முடிச்சு எதுவும் இல்லை. அவள் சொன்னபடியே மல்லாந்து படுத்துக் கைகளை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார்.

"போதுமா?"

"போதுமா போதாதான்னு கால் மணி நேரம் கழிச்சுச் சொல்றேன்."

அவள் அவர் பக்கம் திரும்பி ஒருக்களித்துப் படுத்தாள். கடைக்காரப் பெண் நாகரிகமாகப் பக்கத்துக் கட்டிலின் விரிப்பைச் சரிசெய்யப் போனாள். சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு நிமிடம் போயிற்று.

"என்ன சத்தம் அது?" என்றாள் தையல்காரி.

"என்ன சத்தம்?"

"உங்க நெஞ்சுல."

"மெத்தை ஸ்பிரிங்கா இருக்கும்."

"அது ஸ்பிரிங் இல்லாத மெத்தைங்க ஐயா," என்றது பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு குரல்.

ஈரத்துணியை மெதுவாகக் கிழிப்பது போல ஒரு ஓசை. மூச்சு உள்ளே போகும்போது ஒரு கிழிசல், வெளியே வரும்போது ஒரு கிழிசல். தையல்காரி தலையைத் தூக்கிக் காதை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காதில் இயந்திரம் இருக்க, அவர் பக்கத்தில் அவள் படுப்பது இதுவே முதல் முறை.

"எத்தனை நாளா இந்தச் சத்தம்?"

அவருக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை. மூன்றாவது நிமிடம் கட்டில் விளிம்பைப் பற்றிக்கொண்டு சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். வாய் திறந்திருந்தது. ஒரு கையால் கீழே ஷூவைத் தேடினார், கயிறு கட்டுவதற்கு.

"குனியாதீங்க ஐயா," என்று கடைக்காரப் பெண் ஓடி வந்தாள். "ஷூ எங்கயும் போகாது. நிமிந்து உக்காருங்க. அவசரம் இல்ல."

அவர் காலடியில் முழங்காலிட்டவள் அப்படியே உறைந்துபோனாள். சாக்ஸின் மேல்பட்டி பிளேடால் கீறியது போல் வெட்டுப்பட்டிருந்தது. கீறியும்கூட, வீங்கிய கணுக்காலுக்கு மேலே ஒரு வளையம் பதிந்திருந்தது.

"தொட்டுப் பாக்கலாமா ஐயா?"

அவர் தலையை ஆட்டினார். அவள் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாள். விழுந்த குழி அப்படியே நின்றது. மூன்று பேரும் அது எழும்பும் என்று பார்த்தார்கள்.

"அம்மா, ஐயா வீட்டுல எத்தனை தலையணை வச்சுப் படுப்பார்?"

"ஒண்ணுதான். அதுலயும்தான் படுக்கலயே," என்றாள் தையல்காரி. அவள் கண் குழியில் இல்லை, சாக்ஸில் இருந்தது. "இது நான் போன வாரம் வச்சுத் தைச்ச எலாஸ்டிக்."

அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"எலி கடிக்குதுன்னீங்களே? சாக்ஸ் சாக்ஸா எலி கடிக்குது, கடிச்சதெல்லாம் நான் பிரிச்சுப் புது எலாஸ்டிக் வச்சுத் தைக்கிறேன். கெட்டி எலாஸ்டிக்காப் பாத்து வச்சுத் தைச்சேனே! பொறி ரெண்டு மாசமா வாயைத் திறந்துக்கிட்டுக் கிடக்கு. நீங்களா வெட்டினீங்க?"

"இறுக்கிச்சு," என்றார் அவர்.

"இறுக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா ஏன் இறுக்குதுன்னு கேப்பே."

"கேக்க மாட்டேனா பின்ன? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சீங்க, நானும் சோத்தைப் பிசைஞ்சுகிட்டே இருந்திருக்கேன்."

லிஃப்ட்காரருக்கு மூச்சு கொஞ்சம் திரும்பியிருந்தது. இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி பேசினார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசித் தையல்காரி கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

"மல்லாந்தா ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோன லிஃப்டு மாதிரி இருக்கு. மேலயும் போகாது, கீழயும் போகாது. மாட்டிக்கிட்டவங்களுக்கு வெளியே நின்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன், பயப்படாதீங்க, காத்து இருக்கு, மெதுவா மூச்சு விடுங்கன்னு. உள்ள இருந்து பாத்தாத்தான் தெரியுது, சும்மா சொல்லியிருக்கேன். உக்காந்தா இறங்குது. அதான் நாற்காலி."

"எட்டு மாசமாவா?"

"அதுக்கும் முன்னாடியே கொஞ்சம் இருந்துச்சு. உங்க அக்கா போன அன்னிக்குத்தான் தெளிவாத் தெரிஞ்சுது. ரெண்டாவது மாடி வரைக்கும் வந்தேன்."

தையல்காரி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ரெண்டாவது மாடிப் படியில உக்காந்துட்டேன். மேல வர்றவங்க, கீழ போறவங்க எல்லாம் தாண்டித் தாண்டிப் போனாங்க. அழுதுக்கிட்டிருக்கார்னு நினைச்சிருப்பாங்க. அப்புறம் மெதுவாக் கீழயே இறங்கிட்டேன்."

"அங்கயே சொல்லியிருந்தா நான் அந்த வார்த்தை சொல்லியிருப்பேனா?"

"உன் அக்காவை அங்க கிடத்தியிருக்கு. நான் போய் எனக்கு மூச்சு முட்டுதுன்னா சொல்றது?"

"மறுநாள் சொல்றது!"

"மறுநாள் எங்க அண்ணன் ஞாபகம் வந்துச்சு," என்றார். "அவரும் நாற்காலியிலதான் ஆரம்பிச்சார். காத்து நல்லா வருதுன்னு ஜன்னலோரம் போட்டுக்கிட்டார். டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனோம். போன அன்னிக்குப் படுக்க வச்சாங்க, அவ்வளவுதான். போகாம இருந்தா இன்னும் கொஞ்ச நாள் நாற்காலியிலயே இருந்திருப்பாரோன்னு எனக்கு ஒரு நினைப்பு."

"இது என்ன கணக்குங்க? தையல் பிரிஞ்சுதுன்னு தெரியும், ஊசிக்காரிகிட்ட காட்டினா கிழிஞ்சுடும்னு பயமா?"

அவர் லேசாகச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது.

கடைக்காரப் பெண் எழுந்து நின்றாள். "ஐயா, நான் டாக்டர் இல்ல. ஆனா எங்க மாமனாருக்கு இப்படித்தான் இருந்துச்சு. மூச்சு முட்டுதும்மான்னார், தலையணை வச்சேன். மறுபடி சொன்னார், இன்னொண்ணு வச்சேன். கடை பூரா தலையணை, எனக்கு என்ன குறை? நாலு தலையணை வரைக்கும் அடுக்கினேனே தவிர, டாக்டரைக் கூப்பிடல. அதனால உங்களுக்கு இன்னிக்கு நான் எதையும் விக்க மாட்டேன். தெரு முனையில இருக்கிற டாக்டர் மூணு மணிக்கு வருவார். இப்பவே போன் பண்ணி முதல் ஆளாச் சொல்லிடறேன். அங்க படி கிடையாது."

"அதுவரைக்கும்?" என்றாள் தையல்காரி.

"அதுவரைக்கும் அந்த மூலைக் கட்டிலுக்கு வாங்க."

மூலைக் கட்டிலின் தலைப்பக்கம் பொத்தானை அழுத்தினால் உயரும். லிஃப்ட்காரர் ஏறிச் சாய்ந்துகொண்டார். கடைக்காரப் பெண் பொத்தானை அழுத்த, உள்ளே மோட்டார் முனகியது. அவர் தலையைச் சாய்த்து அந்த ஓசையைக் கேட்டார்.

"எண்ணெய் போடணும்," என்றார். "பல்சக்கரம் உரசுது."

"போட்டுடறேங்க ஐயா. இந்த உயரம் போதுமா?"

"இன்னும் கொஞ்சம்... இன்னும்... நிறுத்து. இங்க நிறுத்து."

ஏறக்குறைய உட்கார்ந்திருக்கும் நிலைதான். அவர் ஒரு முறை மூச்சை இழுத்து விட்டார். கை நெஞ்சுக்குப் போகவில்லை, பக்கத்தில் கிடந்தது. தையல்காரியிடம் என்னவோ சொல்ல வாயெடுத்தவர், அதற்குள் தூங்கிப்போனார். சட்டைப் பொத்தானை ஒன்று கழற்றிவிடலாம் என்று அவள் கையைக் கொண்டுபோவதற்குள் தூங்கிப்போனார்.

கடைக்காரப் பெண் போன் பேச வெளியே போனாள். போகிறபோது கதவில் தொங்கிய அட்டையைத் திருப்பி மாட்டிவிட்டுப் போனாள்.

தையல்காரி கால்மாட்டில் உட்கார்ந்து அவருடைய இரண்டு சாக்ஸையும் மெதுவாக உருவினாள். வெட்டுப்பட்ட பட்டியில் தன் தையலை விரலால் தடவிப் பார்த்தாள். நெருக்கமான தையல், ஒரு நூல்கூட விட்டுப்போகவில்லை. கைப்பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்து, மிச்சம் இருந்த எலாஸ்டிக்கைச் சுற்றிலும் பிரித்து எடுத்துப் போட்டாள். பிறகு டேப்பை எடுத்தாள். எடுத்த பிறகு எதை அளப்பது என்று தெரியாமல் சுருட்டித் திரும்பப் பைக்குள் வைத்தாள்.

கடைக்காரப் பெண் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, முதல் நம்பர் என்பதற்கு ஒரு விரலைக் காட்டினாள். தையல்காரி தலையசைத்தாள். மூன்று மணிக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டிலின் மறுபக்கம் ஏறி, அவர் தோளருகே சாய்ந்துகொண்டாள். எட்டு மாதமாக அவள் மனதுக்குள் ஒரே ஒரு வேண்டுதல்தான் இருந்தது: இவர் கோபத்தில் நாற்காலிக்குப் போயிருக்கக் கூடாது. காதிலிருந்த இயந்திரத்தின் சத்தத்தை முழுவதும் கூட்டி வைத்துக்கொண்டாள். ஈரத்துணி கிழிந்தது, நின்றது, மறுபடி கிழிந்தது.

"ஏங்க," என்றாள், அவர் காதோரம். "கோபமாவே இருந்திருக்கக் கூடாதா?"